கல்லூரி மாற விரும்பும் மகள்: வாய்ப்பை எப்படி மதிப்பிடுவது?

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் முதலாண்டு கணினி அறிவியல் படிக்கும் உங்கள் மகள், அதே ஊரில் இருக்கும் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரிக்கோ, அதே மாநிலத்தின் வில்லியம்ஸ்டவுனில் இருக்கும் வில்லியம்ஸ் கல்லூரிக்கோ மாற விரும்புவதாகவும், அது நடக்குமா நடக்காதா என்று தெரியாமல் வீட்டில் எல்லோரும் தவிப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். பன்னிரண்டாம் வகுப்பில் 97 விழுக்காடு எடுத்த பிள்ளைக்குத் தகுதி இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். தகுதி இருக்கிறது. ஆனால் இந்த விஷயத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி தகுதியைப் பற்றியது அன்று, காலி இடத்தைப் பற்றியது.

ஒரே துறையோடு நிற்காமல் பல துறைகளையும் கற்பிக்கும் இந்த லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகள் மிகச் சிறியவை. ஒவ்வொன்றிலும் நான்கு ஆண்டுகளையும் சேர்த்தே ஏறத்தாழ 2,000 மாணவர்கள்தாம் இருக்கிறார்கள். முதலாண்டில் சேர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் இரண்டாம் ஆண்டுக்குத் திரும்பி வந்துவிடுவதால், வெளியிலிருந்து வருபவர்களுக்குக் கிடைக்கும் இடங்கள் சொற்பம். எத்தனை என்பதை யாரிடமும் கேட்டு அறிய வேண்டியதில்லை. அமெரிக்கக் கல்லூரிகள் பலவும் ஆண்டுதோறும் 'காமன் டேட்டா செட்' என்ற விவரத் தொகுப்பை வெளியிடுகின்றன. அதன் 'டி' பிரிவில், இடமாற்றத்துக்கு எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்கு இடம் கொடுத்தார்கள், அவர்களில் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பது இருக்கும். ஓர் ஆண்டை மட்டும் பார்க்காமல், கடந்த நான்கைந்து ஆண்டுகளின் எண்களை அடுத்தடுத்து எழுதிப் பாருங்கள். காலி இடங்கள் ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்குவதால், ஒரே ஆண்டின் எண் வீண் நம்பிக்கையையோ வீண் பயத்தையோ தந்துவிடும்.

விண்ணப்பித்தவர்களில் இடம் கிடைத்தவர்களின் விழுக்காட்டை அப்படியே உங்கள் மகளின் வாய்ப்பாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. ஆம்ஹர்ஸ்ட் போன்ற கல்லூரிகள் இடமாற்ற இடங்களை வழங்கும்போது, கம்யூனிட்டி கல்லூரிகள் எனப்படும் இரண்டாண்டு உள்ளூர்க் கல்லூரிகளில் படித்துவிட்டு வருபவர்களையும் ராணுவத்தில் பணியாற்றித் திரும்பியவர்களையும் விரும்பித் தேடிச் சேர்க்கின்றன. வாழ்க்கை முதல் வாய்ப்பைத் தராதவர்களுக்கு இரண்டாவது வாய்ப்பைத் தருவது அதன் நோக்கம். அது நியாயமானது என்றே நானும் நினைக்கிறேன். ஆகவே, நல்ல பல்கலைக்கழகம் ஒன்றில் ஏற்கெனவே படித்துக்கொண்டிருக்கும் மாணவிக்கு எஞ்சுவது, மொத்த விழுக்காடு காட்டுவதைவிடக் குறைவாகவே இருக்கும்.

அடுத்தது பணம். உங்கள் கடிதத்தில் இதைக் கடைசி வரியில் எழுதியிருந்தீர்கள்; நான் இதை முன்னால் வைக்கிறேன். இந்தக் கல்லூரிகளில் கட்டணம், தங்குமிடம், உணவு எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 80,000 டாலரைத் தாண்டிவிட்டது. நம் பணத்தில் அது 70 லட்சம் ரூபாயை ஒட்டியது. வெளிநாட்டு மாணவர்களுக்கு அமெரிக்க அரசின் கல்வி உதவித்தொகை கிடையாது என்பதால், உதவி என்றால் அது கல்லூரியின் கையிலிருந்துதான் வர வேண்டும். வெளிநாட்டிலிருந்து இடமாற்றம் கேட்பவருக்கு எவ்வளவு உதவி தேவைப்படும் என்பதையும் பார்த்தே முடிவெடுக்கும் கல்லூரிகள் பல. சில கல்லூரிகள் அவர்களுக்கு உதவியே தருவதில்லை. "இப்போது கேட்காமல் சேர்ந்துவிடுவோம், பிறகு கேட்டுக்கொள்வோம்" என்று உறவினர் ஒருவர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். விண்ணப்பத்தின்போது உதவி கேட்காத வெளிநாட்டு மாணவர், படிப்பு முடியும் வரை கேட்க முடியாது என்ற விதி பல கல்லூரிகளில் உண்டு. தற்போதைய பல்கலைக்கழகம் ஏதேனும் கட்டணச் சலுகை தந்திருந்தால், மாறும்போது அதுவும் போய்விடும்.

மதிப்பெண் விஷயத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. விண்ணப்பத்தின் கடைசி நாள் பெரும்பாலும் மார்ச் மாதத்தை ஒட்டி வருவதால், முதலாண்டிலேயே விண்ணப்பிப்பவரிடம் ஒரே ஒரு செமஸ்டரின் கிரேடுகள்தான் இருக்கும். அப்போது கல்லூரி பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான பள்ளி மதிப்பெண்களையே பெரிதும் நம்ப வேண்டியிருக்கும். நடப்பு செமஸ்டருக்குப் பேராசிரியர்கள் தரும் இடைக்கால அறிக்கையும் அதனுடன் சேரும். இரண்டாம் ஆண்டில் விண்ணப்பித்தால் மூன்று செமஸ்டர்கள் பேசும். பட்டம் பெறக் குறைந்தது இரண்டு ஆண்டுகளாவது தங்களிடம் படிக்க வேண்டும் என்று இக்கல்லூரிகள் கேட்பதால், அதற்கு மேலும் தள்ளிப்போட முடியாது. உங்கள் மகளின் முதல் செமஸ்டரில் நான்கு பாடங்களில் மூன்று, கணக்கும் கணினியும்தான். எல்லாவற்றிலும் ஏ கிரேடு வாங்கியிருந்தாலும், எழுத்தும் விவாதமும் நிறைந்த பாடங்களில் அவர் எப்படிப் படிப்பார் என்பதை அந்தத் தாள் சொல்லவில்லை. எனவே இரண்டாம் ஆண்டில் விண்ணப்பிப்பதே அவருக்கு நல்லது என்பது என் கருத்து.

அந்த இடைவெளியில் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதற்கு அவர் இருக்கும் ஊரைவிடப் பொருத்தமான ஊர் அமெரிக்காவில் அரிது. அவருடைய பல்கலைக்கழகமும் ஆம்ஹர்ஸ்ட், ஸ்மித், மவுண்ட் ஹோலியோக் கல்லூரிகளும் ஒரே கூட்டமைப்பில் இருப்பதால், ஒன்றில் சேர்ந்த மாணவர் விதிகளுக்கு உட்பட்டு மற்றவற்றின் வகுப்புகளிலும் பாடம் எடுக்கலாம். அடுத்த ஆண்டு ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியிலோ ஸ்மித்திலோ தத்துவப் பாடம் ஒன்றை அவர் எடுக்கட்டும். நூற்றுக்கணக்கானோர் அமரும் விரிவுரை அரங்கில் இவருடைய முகமே தெரியாத ஒரு பேராசிரியரின் பரிந்துரைக் கடிதத்தைவிட, சிறிய வகுப்பில் இவருடைய கட்டுரைகளைத் திருத்திய பேராசிரியரின் கடிதம் பல மடங்கு கனமானது. விண்ணப்பக் கட்டுரையில் "இங்கே வகுப்புகள் பெரியவை" என்ற குறையை எழுதுவதால் பயனில்லை. வில்லியம்ஸில் இரண்டே மாணவர்கள் ஒரு பேராசிரியருடன் அமர்ந்து, ஒருவர் கட்டுரை வாசிக்க மற்றவர் அதை விமர்சிக்கும் 'டுட்டோரியல்' முறை உண்டு. அப்படிப்பட்ட ஒன்று தன் படிப்புக்கு ஏன் தேவை என்று எழுத முடிந்தால் எழுதட்டும். அந்தப் பாடத்தை எடுத்த பிறகு, மாற வேண்டிய அவசியமே இல்லை என்று அவருக்குத் தோன்றவும் கூடும்.

விண்ணப்பிப்பதாக முடிவானால், இந்த இரண்டு கல்லூரிகளோடு நிறுத்த வேண்டாம். ஸ்மித்தும் மவுண்ட் ஹோலியோக்கும் பெண்கள் கல்லூரிகள், அவருக்கு அறிமுகமான சூழலில் இருப்பவை. அவற்றின் 'டி' பிரிவையும் பாருங்கள். எங்கிருந்து அழைப்பு வந்தாலும், உதவித்தொகைக் கடிதமும், ஏற்கெனவே முடித்த எந்தெந்தப் பாடங்களின் கிரெடிட்டுகள் (பட்டத்துக்குக் கணக்கில் சேரும் அலகுகள்) ஏற்கப்படும் என்ற விவரமும் எழுத்தில் கைக்கு வரும்வரை தற்போதைய இடத்தை விட வேண்டாம். அவருடைய எஃப்-1 மாணவர் விசாப் பதிவைப் புதிய கல்லூரிக்கு மாற்றும் தேதியையும், இப்போதைய பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்டே தீர்மானிக்க வேண்டும்.

இந்த வார இறுதிக்குள் ஆண்டுக்கு உங்கள் குடும்பத்தால் கடன் வாங்காமல் எவ்வளவு செலவிட முடியும் என்ற தொகையை மகளிடம் சொல்லிவிட்டு, எனக்கும் எழுதுங்கள். அவருடைய செமஸ்டர் மதிப்பெண் பட்டியலையும் அனுப்பச் சொல்லுங்கள். இரண்டும் கிடைத்தவுடன், எந்தக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கலாம் என்ற பட்டியலை அவருடன் உட்கார்ந்து தயாரிக்கிறேன்.