மகள் திடீரென்று அமைதியாகிவிட்டால்

கேள்வி: என் மகளுக்கு 17 வயது, பிளஸ் டூ படிக்கிறாள். அரையாண்டுத் தேர்வில் மதிப்பெண் குறைந்ததிலிருந்து காலையில் வயிற்றுவலி, படபடப்பு, விரல் மரத்துப்போவது, முடி கொட்டுவது என்று ஏதாவது ஒன்று. இரண்டு முறை ஈசிஜி எடுத்தோம், நார்மல். யூடியூபில் பார்த்துக் கால்சியம் மாத்திரை கொடுக்கிறோம். தூங்காத நாட்களில் மாமியாரின் தூக்க மாத்திரையில் பாதி கொடுத்தேன். ஒரு வாரமாக அழுகை, எரிச்சல் எதுவும் இல்லை, அமைதியாகிவிட்டாள். ஆசையாக வைத்திருந்த வாட்சையும் பெயின்ட் பாக்ஸையும் தம்பிக்கே கொடுத்துவிட்டாள். மனநல மருத்துவரிடம் காட்டச் சொல்கிறார்கள். பெண் பிள்ளை, நாளைக்குப் பெயர் கெட்டுவிடாதா?
— ஒரு தாய், திருப்பூர்

பதில்: அம்மா, கடிதத்தில் உங்கள் எண் இருந்ததால் படித்து முடித்ததுமே கூப்பிட்டுப் பேசிவிட்டேன். பதில் வெளியாகும் வரை காத்திருக்கிற விஷயம் இல்லை இது. உங்கள் சம்மதத்தோடுதான் இங்கே எழுதுகிறேன். இதே நிலையில் இருக்கிற வேறு பெற்றோரும் படிக்க வேண்டும்.

வயிற்றுவலியில் ஆரம்பித்து முடி வரை எழுதிவிட்டு, வாட்ச் விஷயத்தை நல்ல சேதி மாதிரி கடைசியில் சொல்லியிருக்கிறீர்கள். நான் பயந்தது அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான். வாரக்கணக்கில் தவித்த பிள்ளை, காரணம் எதுவும் தெரியாமல் திடீரென்று அமைதியாகி, ஆசைப் பொருட்களை எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தால், உயிரை விட முடிவெடுத்திருக்கலாம் என்று நாங்கள் நினைத்துப் பார்ப்போம். முடிவெடுத்த பிறகு சிலருக்குத் தவிப்பு அடங்கிவிடும். வீட்டில் இருப்பவர்கள் அதைத் தெளிவு என்று நினைத்துக்கொள்வார்கள். உங்கள் மகள் அப்படி முடிவெடுத்திருக்கிறாள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கேட்காமல் இருக்கக் கூடாது.

எப்படிக் கேட்பது என்று போனில் தயங்கினீர்கள். தலை பின்னிவிடும்போது கேளுங்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை, கைக்கும் வேலை இருக்கும். சுற்றி வளைக்காமல், "ரொம்பக் கஷ்டமா இருக்கா பாப்பா? செத்துப்போயிடலாம்னு தோணுதா?" என்றே கேட்கலாம். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று எல்லாப் பெற்றோரும் பயப்படுகிறார்கள். அப்படி நடப்பதில்லை. கேட்டதுமே பாதி பாரம் இறங்கி அழுத பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். "ஆமா" என்று சொன்னால் திட்டாதீர்கள். "உனக்கு என்ன குறை வெச்சோம்" என்ற பேச்சு வாயில் வரவே கூடாது. "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியமும் செய்யாதீர்கள். "என்கிட்ட சொன்னியே, அதுவே போதும்" என்று கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருங்கள். தனியாக விடாதீர்கள். இரவிலும் அவள் அறையிலேயே படுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பதிலுக்காகக் காத்திராமல் வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரையையும், பூச்சிமருந்து ஏதாவது இருந்தால் அதையும், இப்போதே பூட்டிச் சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். இந்த எண்ணம் பெரும்பாலும் அலை மாதிரி ஏறி இறங்கும். அது ஏறி நிற்கும் நேரத்தில் கைக்கெட்டுகிற தூரத்தில் எதுவும் இல்லாவிட்டால் எத்தனையோ பிள்ளைகள் பிழைத்துக்கொள்கிறார்கள்.

மாமியாரின் மாத்திரையைப் பற்றிக் கோபமாகத்தான் சொல்கிறேன். பெயரைப் படித்துக் காட்டினீர்களே, அது அல்பிரசோலம். மருந்துச் சீட்டில்லாமல் விற்கவே கூடாத மருந்து. நாள்பட எடுத்தால் பழக்கமாகிவிடும். படித்தது மனதில் நிற்பதையும் கெடுக்கும். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு இதையா கொடுப்பது? எல்லாவற்றையும் விட, "மனசு கஷ்டமா இருந்தா இந்த டப்பாவைத் திற" என்று அவளுக்கு வழி காட்டியிருக்கிறீர்கள். இனி ஒரு துண்டு கூடக் கொடுக்க வேண்டாம். எத்தனை நாள், எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

விரல் மரத்துப்போவதற்குக் கால்சியம் குறைவு காரணமில்லை. பதற்றத்தில் வேக வேகமாக மூச்சு விடும்போது உடம்பிலிருந்து கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறுகிறது. ரத்தத்தின் தன்மை கொஞ்சம் மாறி, இருக்கிற கால்சியமே சற்று நேரம் வேலை செய்யாமல் போகிறது. அதனால்தான் உதட்டைச் சுற்றி ஊசி குத்தும், சிலருக்கு விரல்கள் மொக்கு மாதிரி குவிந்து விறைக்கும். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் தானாகச் சரியாகிவிடும். அந்த நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, நாலு எண்ணும் வரை மூச்சை உள்ளே இழுத்து ஆறு எண்ணும் வரை மெதுவாக விட, அவளோடு சேர்ந்து நீங்களும் செய்யுங்கள். முகத்தில் கவர் வைத்து மூச்சு விடச் சொல்கிற வீடியோவை அழித்துவிடுங்கள், அது ஆபத்து.

மூன்றாவது ஈசிஜி வேண்டாம். வயிற்றுவலி ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை என்றீர்கள். அதனால் நடிப்பு என்று அர்த்தமில்லை, பயம் குடலில் தெரிகிறது, வலி நிஜம்தான். முடி திரும்ப வளரும். ரத்தசோகை இருக்கிறதா என்று ஒரு ஹீமோகுளோபின் பரிசோதனை போதும். ராத்திரி 12 மணி வரை படிக்க மூன்று டம்ளர் காபி, மறுபடி 4 மணிக்கு எழுப்புவது, இரண்டையும் நிறுத்துங்கள். காபியே படபடப்பைக் கூட்டும். இந்த வயதுக்கு எட்டு மணி நேரத் தூக்கமாவது வேண்டும்.

சரி, பெயர் கெட்டுவிடுமே என்கிற உங்கள் பயத்துக்கு வருகிறேன். மனநலப் பிரிவுக்குப் போகிற பெண்ணைப் பைத்தியம் என்று சொல்கிற ஆட்கள் இன்னும் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் அவள் அங்கே வந்தது யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்திருப்பது எங்கள் கடமை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, வேறு எந்த நோய்க்கும் போவது போல ஓபி சீட்டுப் போட்டுப் பார்த்துவிட்டு வரலாம். எல்லாப் பிள்ளைகளுக்கும் மாத்திரை தருவதில்லை. பலருக்குச் சில வாரங்கள் உட்கார்ந்து பேசுகிற சிகிச்சையே போதும். மாத்திரை தேவைப்பட்டாலும் அது உங்கள் மாமியாருடையது மாதிரி பழக்கமாகிற வகையாக இருக்காது. ஆரம்ப வாரங்களில் மட்டும் கூடுதலாகக் கவனிக்கச் சொல்வார்கள், அதைத் தட்டாதீர்கள்.

ராத்திரியில் நிலைமை கைமீறினால் விடியட்டும் என்று இருக்காமல் அவசரப் பிரிவுக்கே அழைத்துப் போங்கள். 108ஐக் கூப்பிடலாம். பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமனாஸ் 14416, எந்த நேரமும் இலவசம், தமிழிலும் பேசுவார்கள். அவள் போனிலும் அந்த எண்ணைப் பதிந்து கொடுங்கள்.

அப்புறம் அவளுடைய அப்பாவிடம் ஒரு வேலையை ஒப்படையுங்கள். ஒரு பாடம் போனாலும் துணைத் தேர்வு எழுதி இந்த வருடமே கல்லூரியில் சேரலாம் என்று, ரிசல்ட் வந்த பிறகு இல்லாமல் இப்போதே அவர் வாயால் அவளிடம் சொல்ல வேண்டும். மதிப்பெண் பேச்சு வீட்டில் அவரிடமிருந்துதான் வருகிறது என்று நீங்களே சொன்னீர்கள்.

நாளைக் காலை ஓபிக்கு அவரும் வரட்டும், லீவு போடச் சொல்லுங்கள். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்ததும் என்னைக் கூப்பிடுங்கள். மதியம் வரை கூப்பிடாவிட்டால் நானே கூப்பிடுவேன்.