ஊராட்சித் தேர்தலில் நிற்கலாமா? கிராம சபையில் கேட்கலாமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

எனக்கு வயது 23. பட்டம் முடித்துவிட்டு மகளிர் சுய உதவிக் குழுவில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் கிராம ஊராட்சியில் வார்டு உறுப்பினருக்கு நிற்க ஆசை. "நின்றால் தலைவருக்கு நில், மெம்பருக்கு என்ன மதிப்பு?" என்கிறார்கள் வீட்டில். தகுதி என்ன, எங்கிருந்து தொடங்குவது?
– வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

முதலில் மதிப்பு பற்றி. ஊராட்சியின் பணத்தைச் செலவழிக்க மன்றத்தின் தீர்மானம் வேண்டும். தீர்மானத்துக்குப் பெரும்பான்மை உறுப்பினர்கள் வேண்டும். துணைத்தலைவரை உறுப்பினர்கள் தங்களுக்குள் ஒருவராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். காசோலையில் தலைவரோடு சேர்ந்து கையெழுத்துப் போடுபவர் அவர்தான். மெம்பருக்கு மதிப்பில்லை என்று சொல்பவர்கள், அஜெண்டாவைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகும் மெம்பர்களை மட்டுமே பார்த்திருப்பார்கள்.

இனி தகுதி. 21 வயது முடிந்திருக்க வேண்டும். உங்கள் பெயர் அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் இருக்க வேண்டும். நிற்கும் வார்டிலேயே இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் உங்களை முன்மொழிபவர் அந்த வார்டின் வாக்காளராக இருந்தாக வேண்டும். பக்கத்துத் தெருவில் இருக்கும் சித்தப்பாவை முன்மொழியச் சொல்லிவிட்டு, அவர் பெயர் அடுத்த வார்டில் இருப்பது வேட்பு மனுப் பரிசீலனை நாளில் தெரியவந்தால் மனு போய்விடும். பட்டியலின் நகலை வாங்கி உங்கள் பெயர், முன்மொழிபவர் பெயர் இரண்டின் பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் நேரில் சரிபார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

உள்ளாட்சிப் பட்டியல் தனியாக முளைப்பதில்லை, சட்டமன்றப் பட்டியலிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. கல்யாணமாகி ஊர் மாறியவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்: பெயர் பிறந்த ஊரிலேயே கிடக்கும். புதிதாகச் சேர்க்கப் படிவம் 6, முகவரி மாற்றப் படிவம் 8. தேர்தல் அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

அடுத்தது பாக்கி. ஊராட்சிக்குச் செலுத்த வேண்டிய வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம் போன்றவற்றில் முந்தைய ஆண்டு வரையிலான பாக்கிக்குக் கேட்பு அறிவிப்பு வந்து, கெடுவும் முடிந்திருந்தால் அதுவே தகுதியிழப்புக்குக் காரணம். ரசீது இல்லாமல் "கட்டிவிட்டேன்" என்று சொல்வது பரிசீலனை மேசையில் எடுபடாது. ஊராட்சியோடு நடப்பு ஒப்பந்தம் வைத்திருப்பவரும் நிற்க முடியாது. உங்கள் வார்டு யாருக்கு ஒதுக்கப்பட்டது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் 50 சதவீதம் பெண்களுக்கு. பெண்கள் பொது வார்டிலும் நிற்கலாம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பட்டியலினத்தவருக்கோ பழங்குடியினருக்கோ ஒதுக்கிய இடமென்றால் சாதிச் சான்றிதழ் கையில் தயாராக இருக்க வேண்டும்.

கிராம ஊராட்சி வார்டு உறுப்பினர், தலைவர் ஆகிய இரண்டும் கட்சி சார்பற்ற பதவிகள். ஒன்றிய வார்டும் மாவட்ட ஊராட்சி வார்டும்தான் கட்சிச் சின்னத்தில் நடப்பவை.

டெபாசிட் எவ்வளவு? எவ்வளவு செலவு செய்யலாம்?
– வாசகர், கரூர் மாவட்டம்

2019 ஊரகத் தேர்தலில் டெபாசிட் வார்டு உறுப்பினருக்கு 200 ரூபாய், தலைவருக்கும் ஒன்றிய வார்டுக்கும் 600, மாவட்ட வார்டுக்கு 1,000. பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் இதில் பாதி. செலவு உச்சவரம்பு முறையே 9,000, 34,000, 85,000, 1,70,000 ரூபாய். புதிய அறிவிப்பில் தொகை மாறலாம் என்பதால் மனு வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

டெபாசிட்டை விடக் கவனிக்க வேண்டியது கணக்கு. முடிவு அறிவித்த 30 நாட்களுக்குள் செலவுக் கணக்கைக் கொடுக்காவிட்டால் மூன்று ஆண்டுகள் தேர்தலில் நிற்கத் தகுதியிழப்பு வரும். இதில் சிக்குபவர்கள் பெரும்பாலும் தோற்றவர்கள். "தோற்ற பிறகு என்ன கணக்கு" என்று விட்டுவிட்டு, அடுத்த முறை மனு கொடுக்க வரும்போது பெயர் தகுதியிழந்தோர் பட்டியலில் இருக்கும். முதல் நாளே ஒரு நோட்டுப் போடுங்கள். நோட்டீஸ், ஆட்டோ வாடகை, மைக் செட், பூத் ஏஜெண்டுக்கு வாங்கிக் கொடுத்த டீ வரை அன்றன்றே எழுதி, ரசீதை அதே பக்கத்தில் ஒட்டுங்கள். நோட்டீஸில் அச்சகத்தின் பெயரும் முகவரியும் இல்லாமல் அடிக்காதீர்கள்.

எங்கள் வார்டில் முந்நூற்றுச் சொச்சம் ஓட்டு. இதற்குப் பிரசாரம் என்று என்ன செய்வது?
– வாசகர், விழுப்புரம் மாவட்டம்

முந்நூறு ஓட்டுக்கு ஃப்ளெக்ஸ் தேவையில்லை. பட்டியல்தான் தேவை. வார்டுப் பட்டியலை வீடு வாரியாகத் திருப்பி எழுதுங்கள்: வீட்டில் எத்தனை ஓட்டு, யார் ஊரில் இருக்கிறார்கள், யார் திருப்பூரிலோ சென்னையிலோ வேலைக்குப் போயிருக்கிறார்கள், யாருக்கு நடக்க முடியாது. இறந்தவர்களின் பெயர்களையும் குறித்து வையுங்கள். வாக்குச்சாவடியில் உங்கள் ஏஜெண்டுக்கு உதவும். ஒற்றை இலக்க வித்தியாசத்தில் முடிவாகும் வார்டுகள் எல்லாத் தேர்தலிலும் உண்டு. வெளியூரில் இருக்கும் எட்டுப் பேர் பஸ் ஏறி வருவதும் வராததும் முடிவையே மாற்றிவிடும்.

முதல் சுற்றில் ஓட்டுக் கேட்காதீர்கள். என்ன குறை என்று மட்டும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சின்னம் கிடைப்பது மனு வாபஸ் முடிந்த பிறகுதான். அதற்கும் வாக்குப்பதிவுக்கும் இடையில் நாட்கள் குறைவு. சின்னத்தோடு போகும் இரண்டாம் சுற்றில் புதிதாக அறிமுகம் செய்துகொண்டிருக்க நேரம் இருக்காது.

மூன்றாவது சுற்று வாக்களிக்கக் கற்றுக்கொடுக்க. ஊரக வாக்காளர் கையில் நான்கு சீட்டு வரும்: வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். (ஒரே சாவடியில் இரண்டு வார்டுகள் வாக்களித்தால் ஒரு வார்டுக்கு நீலம்.) இது வாக்குச்சீட்டு, இயந்திரம் அல்ல. முத்திரை இரண்டு சின்னங்களுக்கு நடுவில் விழுந்தாலும், முத்திரைக்குப் பதில் கைநாட்டு வைத்தாலும் ஓட்டு செல்லாது. முதலில் நெடுக்காக மடித்து, பிறகு குறுக்காக மடிக்கச் சொல்லுங்கள். குறுக்காக முதலில் மடித்தால் ஈர மை அடுத்த வேட்பாளர் சின்னத்தின் மேல் ஒட்டும். எண்ணும்போது சண்டை வருவது இந்தச் சீட்டுகளில்தான். மறு எண்ணிக்கை வேண்டுமென்றால் முடிவை அறிவிக்கும் முன்பே காரணத்தோடு எழுதிக் கொடுக்க வேண்டும். அறிவித்த பிறகு மிச்சமிருப்பது தேர்தல் மனு போட்டு நீதிமன்றம் போவதுதான்.

என்ன வாக்குறுதி கொடுக்கலாம்? எல்லாரும் ரேஷன் கடை, பட்டா, பஸ் என்று கேட்கிறார்கள்.
– வாசகர், சிவகங்கை மாவட்டம்

அவை மூன்றும் ஊராட்சியின் கையில் இல்லை. மனு எழுதிக் கொடுத்து அலையலாம், வாக்குறுதி கொடுக்க முடியாது. ஊராட்சி செய்தே தீர வேண்டியவை தெருவிளக்கு, குடிநீர், சாக்கடை, துப்புரவு, ஊராட்சிச் சாலை, மயானம். ஏரி, கண்மாய் கேட்டால் ஆயக்கட்டை, அதாவது அதிலிருந்து பாசனம் பெறும் நிலப்பரப்பைப் பாருங்கள்: 40 ஹெக்டேருக்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியம், அதற்கு மேல் நீர்வளத் துறை.

பணத்துக்கும் எல்லை உண்டு. ஊராட்சிக்கு முக்கியமாக மூன்று வங்கிக் கணக்குகள். முதலாவது பொது நிதி. வரி, கட்டண வருவாயெல்லாம் இதில் வரும். இரண்டாவது மின்கட்டணத்துக்கும் கூட்டுக் குடிநீர்க் கட்டணத்துக்கும் ஒதுக்கிய பணம், அதில் கை வைக்க முடியாது. மூன்றாவது திட்ட நிதி. 2021–26 காலத்துக்கான 15-வது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே என்று கட்டுண்டிருந்தது. ஆகவே "நிதி வந்ததே, ஏன் ரோடு போடவில்லை" என்ற கேள்விக்குப் பல நேரம் நேர்மையான பதில் உண்டு. சில நேரம் இல்லை. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவரே நல்ல வேட்பாளர்.

எங்கள் ஊரில் கிராம சபை என்றால் அரைமணி நேரம். நோட்டில் கையெழுத்து வாங்குவார்கள், கலைந்துவிடும். நாங்கள் நான்கைந்து பேர் என்ன செய்ய முடியும்?
– வாசகர்கள், திண்டுக்கல் மாவட்டம்

நான்கைந்து பேர் ஆரம்பிக்கப் போதும், ஆனால் கூட்டம் கூட்ட வேண்டும். காரணம் கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தபட்சம் வர வேண்டியவர்களின் எண்ணிக்கை. மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும். இது நிறைவடையாமல் கையெழுத்துகளைப் பிறகு வீடு வீடாக வாங்கி நிரப்புவதுதான் நீங்கள் சொல்லும் அரைமணி நேரக் கூட்டத்தின் ரகசியம்.

தேதி யாவருக்கும் தெரிந்ததுதான்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஏழு நாள் முன்பே அறிவிப்பு வர வேண்டும். வந்ததா, எங்கே ஒட்டினார்கள், தண்டோரா போட்டார்களா என்று கவனியுங்கள். தனி அலுவலர் பொறுப்பில் இருக்கும் ஊராட்சிகளிலும் கிராம சபை நடந்தாக வேண்டும். "தலைவரே இல்லை, கூட்டம் எதற்கு" என்பது சாக்கு.

கூட்டத்துக்கு முன்: உங்கள் கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு பெற்றுக்கொண்ட கையெழுத்து வாங்குங்கள். ஒரு தாளில் ஒரு கோரிக்கை மட்டும். பத்துக் குறையை ஒரே மனுவில் எழுதினால் "பரிசீலிக்கப்படும்" என்று ஒரே வரியில் அடித்துவிடுவார்கள். "தண்ணீர் சரியாக வரவில்லை" என்று எழுதாதீர்கள். "மேலத்தெருவில் எட்டு வீடுகளுக்கு மூன்று வாரமாகக் குழாயில் தண்ணீர் வரவில்லை, வால்வு பழுது, மாற்ற வேண்டும்" என்று எழுதுங்கள். இடம், எண்ணிக்கை, என்ன வேலை, மூன்றும் இருந்தால் அதைத் தீர்மானமாக எழுதாமல் நழுவுவது கடினம். அதே வாரம் மத்திய அரசின் இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் உங்கள் ஊராட்சியின் திட்டத்தையும் பணம் கொடுத்த பதிவுகளையும் பார்த்துவிடுங்கள். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

கூட்டத்தில்: வரவு செலவு வாசிக்கப்பட வேண்டும். அதற்கென்று இருப்பது படிவம் 30. "படிவம் 30-ஐ வாசியுங்கள்" என்று பெயர் சொல்லிக் கேட்டால், கேட்பவர் விஷயம் தெரிந்தவர் என்பது செயலாளருக்குப் புரிந்துவிடும். மொத்தத் தொகையோடு திருப்திப்படாதீர்கள். ஒரே ஒரு செலவை எடுத்துக் கேளுங்கள்: எந்த மோட்டார், எந்த மாதம், யாருக்குப் பணம். சத்தம் போடுவதில் பயனில்லை. கூச்சல் வந்தால் கூட்டத்தை முடித்துக்கொள்ள அவர்களுக்கு நல்ல காரணம் கிடைத்துவிடும்.

முடிவில்: தீர்மானப் புத்தகத்தில் உங்கள் கோரிக்கை எண்ணோடு எழுதப்பட்டதைப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெறும் பக்கத்தில் போடவே போடாதீர்கள், நாளை அதற்கு மேலே என்ன எழுதினாலும் அது நீங்கள் ஒப்புக்கொண்டதாகிவிடும். அங்கேயே படம் எடுக்க விட்டால் எடுங்கள். விடாவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு நகல் கேளுங்கள், 30 நாட்களுக்குள் தர வேண்டும். கூட்டமே நடக்கவில்லை என்றால் ஆட்சியருக்கு எழுதுங்கள். ஊராட்சிகளின் ஆய்வாளர் அவர்தான்.

கிராம சபைத் தீர்மானத்துக்கு நிஜமாகவே சக்தி உண்டா?
– வாசகி, மதுரை மாவட்டம்

உண்டு, தனியாக அல்ல. அரிட்டாபட்டிப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராக 2024 நவம்பரில் கிராம சபைகள் தீர்மானம் போட்டன. அதோடு நிற்காமல் மக்கள் திரண்டார்கள், டிசம்பரில் சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது, 2025 ஜனவரியில் மத்திய அரசு சுரங்க உரிமைக்கான ஏலத்தை ரத்து செய்தது. பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் கிராம சபை திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டும் அரசு திட்டத்தைக் கைவிடவில்லை. ஊராட்சி அதிகாரத்துக்கு உட்பட்ட விஷயத்தில் தீர்மானம் செயலுக்கு வர வேண்டும். அதற்கு வெளியே அது ஊரின் குரலுக்கு அதிகாரபூர்வ ஆவணம். அந்த ஆவணத்தை வைத்துக்கொண்டு என்ன செய்கிறோம் என்பதுதான் மீதி.

தலைவர் பெண். கூட்டம் நடத்துவது, ஒப்பந்தக்காரரிடம் பேசுவது எல்லாம் அவர் கணவர்.
– வாசகர், தருமபுரி மாவட்டம்

கூட்டத்தில் கணவர் பேச எழுந்தால், கேள்வியைத் தலைவரிடமே திருப்பிக் கேளுங்கள், மரியாதையாக: "தலைவரம்மா சொல்லட்டும்." அவர் சொல்வதைத் தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள். கணவர் காசோலையில் கையெழுத்திட்டாலோ பதிவேட்டில் எழுதினாலோ அது புகாருக்குரியது. அந்த அம்மாவைக் கேலி செய்யும் தொனி மட்டும் வேண்டாம். தடுமாறினாலும் தானே பேச ஆரம்பிக்க அவருக்கு அந்தக் கூட்டம்தான் இடம்.

தலைவர் பதவியைக் கோயில் திருப்பணிக்கு என்று ஏலம் விடப்போவதாகப் பேச்சு. ஊரே சம்மதித்தால் தப்பா?
– பெயர் வேண்டாம், கடலூர் மாவட்டம்

தப்புதான். ஒருவர் மட்டும் மனு செய்து போட்டியின்றித் தேர்வாவது சட்டப்படி சரி. மற்றவர்கள் நிற்காமல் இருப்பதற்காகப் பணம் கைமாறுவது லஞ்சம். பணம் கோயிலுக்குப் போனாலும் அப்படித்தான். நிற்பதும் நிற்காமலிருப்பதும் தேர்தல் உரிமை என்று பாரதிய நியாய சன்ஹிதா 169-வது பிரிவு சொல்கிறது, அந்த உரிமைக்கு விலை கொடுப்பது 170-வது பிரிவில் வரும், தண்டனை 173-இல். மாவட்டத் தேர்தல் அலுவலரான ஆட்சியருக்குப் புகார் அனுப்பலாம். ஏல நாள், இடம், பேசிய தொகை ஆகியவற்றை எழுதுங்கள். கூட்டத்துக்குத் தண்டோரா போட்டிருந்தால் அதன் ஒலிப்பதிவு போதுமான தொடக்கம்.

நகராட்சியில் இருப்பவர்களுக்குக் கிராம சபை போல எதுவும் இல்லையா?
– வாசகர், ஈரோடு

உண்டு. வார்டு குழு, அதன் கீழ் பகுதி சபை. தமிழ்நாட்டில் இதற்கான விதிகள் 2022-இல் வந்தன. உங்கள் கவுன்சிலரிடம் "நம் பகுதி சபை எப்போது?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வரவில்லை என்றால், அதே கேள்வியை நகராட்சி ஆணையருக்கு எழுத்தில் அனுப்பி ஒப்புகைச் சீட்டை வாங்கி வையுங்கள்.