டிமென்ஷியா முத்தி அல்சைமர் ஆயிடுச்சா?

கேள்வி: என் மாமியாருக்கு 76 வயசு. காலைல சாப்பிட்ட இட்லி ஞாபகம் இல்ல, ஆனா சின்ன வயசுல செம்பவாங் நேவல் பேஸ் குவார்ட்டர்ஸ்ல இருந்த கதைய அக்கம்பக்கத்து ஆளுங்க பேரோட சொல்றாங்க. பாலிகிளினிக்ல டிமென்ஷியாவா இருக்கலாம்னாங்க, இப்ப மெமரி கிளினிக்ல அல்சைமர்னு சொல்லிட்டாங்க. நோய் முத்திடுச்சுன்னு வீட்டுக்காரர் ஒரே அழுகை. இது ரெண்டு நோயாம்மா?
- ஒரு மருமகள், யீஷூன்

பதில்: முத்தவும் இல்ல, ரெண்டு நோயும் இல்ல, முதல்ல அவர கண்ணத் தொடச்சுக்கச் சொல்லுங்க. காய்ச்சல்னு போறோம், ரத்தம் எடுத்துப் பாத்துட்டு டெங்கின்னு சொல்றாங்க, உடனே காய்ச்சல் டெங்கியா மாறிடுச்சுன்னா சொல்றோம்? டிமென்ஷியாங்கறது மறதி, குழப்பம், தன் வேலைய தானே பாத்துக்க முடியாம போறதுன்னு வெளிய தெரியற நிலைமை. அத உண்டாக்குற நோய்ங்க பல, அதுல அல்சைமர்தான் பெருசு, நூத்துக்கு 60, 70 பேருக்கு அதான் காரணம்.

நீங்க சொன்ன இட்லி விஷயமே அதத்தான் காட்டுது. அமிலாய்டு, டாவ்னு ரெண்டு புரதம் மூளைல தப்பா சேந்து, புதுசா நடக்கறத பதிய வைக்கிற ஹிப்போகேம்பஸ் பகுதிய ஆரம்பத்துலயே கெடுத்துடுது. அவங்க இட்லிய மறக்கல, அது பதியவே இல்ல, நேவல் பேஸ் எப்பவோ பதிஞ்சது, அதான் நிக்குது. அதனால "இப்பத்தானே சொன்னேன்"னு கத்தாதீங்க, அவங்களுக்கு அது நிஜமாவே முதல் தடவை.

இன்னொரு வகை, இனிப்பு நீர், ரத்தக் கொதிப்பு, பக்கவாதம்னு ரத்தக்குழாய் கெட்டு வர்றது, நம்ம ஆளுங்க இத கவனிக்கணும். பல பேருக்கு திடீர்னு ஒரு படி இறங்கும், கொஞ்ச நாள் அப்படியே நிக்கும், மறுபடி இறங்கும். வயசானவங்களுக்கு இதுவும் அல்சைமரும் சேந்தே வர்றது சகஜம். லூயி பாடின்னு இன்னொரு வகை டிமென்ஷியா, அதுல பல பேருக்கு இல்லாத ஆளுங்க கண்ணுக்குத் தெரிவாங்க.

எதுவா இருந்தா என்ன, எல்லாம் மறதிதானேன்னு சொல்ற சொந்தக்காரங்க பேச்ச விடுங்க. லூயி பாடிக்காரங்களுக்கு, இல்லாதது தெரியறத அடக்கக் குடுக்கிற ஹாலோபெரிடால் மாதிரி மருந்து குடுத்தா ஆபத்து. பி12 குறைஞ்சாலும் தைராய்டு கோளாறுனாலும் இதே மாதிரி தெரியும், அத சரி பண்ணலாம், அதுக்குத்தான் முதல்ல ரத்த டெஸ்ட். அல்சைமருக்கு டொனெபெசில் குடுப்பாங்க, குணமாகாது, கொஞ்ச பேருக்கு கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும்.

ஒண்ணு மட்டும் தள்ளிப் போடாதீங்க. மாமியார் இப்ப தெளிவா பேசறாங்கன்னா, அவங்க பணம், வைத்தியம் பத்தி அவங்களால முடியாம போனா யார் முடிவெடுக்கணும்னு எல்பிஏ (Lasting Power of Attorney-ங்கற அதிகாரப் பத்திரம்) எழுதிடுங்க. புரிஞ்சு சம்மதிக்கிற நிலைல இருக்கும்போதுதான் எழுத முடியும், அப்புறம்னா கோர்ட்டுக்குத்தான் போகணும், செலவும் அலைச்சலும் சொல்லி மாளாது.