குடும்ப அட்டையை வைத்துப் பட்டியல் எடுத்தால் நடவுப் பெண்கள் விடுபடத்தான் செய்வார்கள்

அட்டைக் கணக்கை விட்டு ஆள் கணக்குக்கு மாறுங்கள். மன்னார்குடிப் பக்கம் கொரோனாவுக்குப் பிந்தைய உதவித் திட்டம் ஒன்று போடுகிறீர்கள், நடவுக்குப் போகும் பெண்கள் பலர் பட்டியலில் இல்லை என்று கேட்டிருந்தீர்கள். கோளாறு பெரும்பாலும் அந்த அட்டைக் கணக்கில்தான்.

2021இல் அரிசி அட்டைக்கு 4,000 ரூபாய் இரண்டு தவணையாக வந்ததே, அது அட்டைக்குத்தான், ஆளுக்கு இல்லை. கணவனை விட்டு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டவரின் பெயர் பழைய அட்டையிலேயே கிடக்கும்; பணமும் அந்த வீட்டுக்கே போகும். 2020இல் மத்திய அரசு மாதம் 500 ரூபாய் வீதம் மூன்று மாதம் போட்டது பெண்களின் ஜன்தன் வங்கிக் கணக்கில். அந்தக் கணக்கு இல்லாதவருக்கு அதுவும் இல்லை.

ஒரே ஒரு தெருவை எடுத்து, நூறு நாள் வேலை வருகைப் பதிவேட்டோடு உங்கள் பட்டியலை ஒத்துப்பாருங்கள். அப்புறம் நடவுக்கு ஆள் கூட்டிப்போகும் அக்காவிடம் பெயர்களைப் படித்துக் காட்டுங்கள். யார் தனி அடுப்பு, யார் யாரோடு சாப்பிடுகிறார் என்பது அவருக்குத் தெரிந்த அளவு எந்தப் பதிவேட்டுக்கும் தெரியாது. சாயங்காலம் போங்கள், காலையில் வரப்பில் நிறுத்திவைத்துக் கேட்டால் அவர் கூலிதான் போகும்.

உங்கள் உதவிப் பணத்தின் தவணையைச் சம்பா அறுப்புக்கும் குறுவை நடவுக்கும் நடுவில் வையுங்கள். வயல் வேலை குறைந்த மாதங்கள் அவை.

ஒரு எச்சரிக்கை: வங்கிக் கணக்கு பணம் பெறும் பெண்ணின் பெயரில் இருந்தாலும் ஏடிஎம் அட்டை யார் சட்டைப்பையில் இருக்கிறது என்று விசாரியுங்கள், கணவர் இல்லாத நேரமாகப் பார்த்து. கடன் பாக்கி உள்ள கணக்கென்றால் வங்கியே பிடித்துக்கொள்ளவும் கூடும்.