கஞ்சியைக் கொட்டாதீர்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

தடைக்காலம் தொடங்கிவிட்டது. மீன் விலை ஏறிப்போனதால் வீட்டில் வாரத்தில் நாலு நாள் கவிச்சி இல்லை. பிள்ளைகள் இரண்டும் பாஸ்தா வேண்டும் என்று நிற்கின்றன. குக்கரில் ஒரு விசில் விட்டேன், களியாகிவிட்டது. சட்டியில் வேகவைத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. கொதிக்கும்போது எண்ணெய் ஊற்றிப் பார்த்தேன், வடித்ததும் பச்சைத் தண்ணீரில் அலசியும் பார்த்தேன். வெள்ளை சாஸ் செய்தால் கட்டிதட்டுகிறது. எந்த சீஸ் வாங்கலாம்? ப்ரோக்கோலி, சுக்கினி எல்லாம் இங்கே கிடைப்பதில்லை, அவை இல்லாமல் செய்ய முடியுமா? மாமியாருக்குப் பல் கிடையாது. அவர்களும் சாப்பிடுகிற மாதிரி இருந்தால் நல்லது.

ச., தேவிபட்டினம்

அன்புள்ள ச.வுக்கு,

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாத இந்த 61 நாளில்தான் நம் கரையோரத்து அடுப்படிகளுக்குக் காய்கறி ஞாபகம் வருகிறது. வரட்டும். ஆனால் வந்ததும் வராததுமாக ப்ரோக்கோலியைத் தேடுவது என்ன நியாயம்? வேலியோரம் முருங்கை காய்த்துத் தொங்குகிற மாதம் இது.

குக்கர் வேண்டவே வேண்டாம். மாவு நுரைத்துப் பொங்கி வெயிட் துளையை அடைத்துவிடும். களியாவதெல்லாம் அதற்கு அடுத்த கவலை. பாக்கெட்டின் பின்பக்கம் டூரம் கோதுமை ரவை என்று போட்டிருக்கிறதா பாருங்கள். மைதா என்றால் நீங்கள் என்ன செய்தாலும் குழையத்தான் செய்யும். வெள்ளை சாஸை மறந்துவிடுங்கள். மைதாவும் வெண்ணெயும் பாலும் சேர்ந்தால் காயின் ருசி எங்கே தெரியும்?

என்னை எழுத உட்காரவைத்தது வேறு ஒரு வரி. “பச்சைத் தண்ணீரில் அலசியும் பார்த்தேன்” என்று எவ்வளவு சாதாரணமாக எழுதிவிட்டீர்கள்! சோறு வடித்த கஞ்சியில் உப்புப் போட்டுக் குடித்து, சேலைக்கு மொடமொடப்பு ஏற்றி, மிச்சத்தை மாட்டுத் தொட்டியில் ஊற்றிய ஊர் இது. பாஸ்தா வடித்த தண்ணீர் மட்டும் ஏன் சாக்கடைக்குப் போக வேண்டும்? அதுவும் வடிகஞ்சிதான். நீங்கள் கடையில் தேடுகிற சாஸ் அந்தக் கஞ்சிக்குள் இருக்கிறது.

பாஸ்தா கொதிநீரில் விழுந்த முதல் இரண்டு நிமிடத்தில் அதன் மேல்மாவு ஊறிப் பசையாகிறது. ஒட்டுவது அப்போதுதான். அந்த இரண்டு நிமிடமும் கரண்டியை விடாமல் அடிவரை கிளறுங்கள். அப்புறம் அந்தப் பசை தண்ணீரில் கரைந்துவிடும், அவ்வப்போது ஒரு கிண்டு போதும். நீங்கள் ஊற்றிய எண்ணெய் தண்ணீருக்கு மேலேதான் மிதந்துகொண்டிருந்தது. வடிக்கும்போது பாஸ்தாமேல் படிந்து மசாலாவை வழுக்கிவிட்டதைத் தவிர அது ஒன்றும் செய்யவில்லை. பச்சைத் தண்ணீர் மிச்சமிருந்த மாவையும் கழுவிக்கொண்டு போய்விட்டது. அப்புறம் மசாலா எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்?

அளவு: 250 கிராம் பாஸ்தாவுக்கு 2 லிட்டர் தண்ணீர், 20 கிராம் உப்பு. கல்லுப்பு என்றால் கரண்டிக் கணக்கு வேண்டாம், நிறுத்துப் போடுங்கள். வீடியோக்களில் “கடல்தண்ணீர் மாதிரி உப்பு இருக்கணும்” என்கிறார்கள். கடலை நேரில் பார்க்காதவர்கள் சொல்லலாம், தேவிபட்டினத்துக்காரர் நம்பலாமா? கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அதில் வேகவைத்ததை வாயில் வைக்க முடியாது. ரசத்துக்கு இருக்கிற உப்பைவிடச் சற்றுத் தூக்கலாக இருந்தால் போதும். உங்கள் தண்ணீர் போர் தண்ணீராக இருந்து ஏற்கெனவே உவர்த்தால் பாதி உப்போடு தொடங்குங்கள். கஞ்சி சட்டியில் சுண்டும்போது உப்பும் சேர்ந்து ஏறும். அந்தப் போர் தண்ணீரில் வேகும்போது வழவழப்பும் கூடுதலாக வந்தால் ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு விடுங்கள், மாவு கரைவது மட்டுப்படும்.

இப்போது முருங்கை. சதைப்பிடிப்பான காய் ஆறு, விரல்நீளத் துண்டுகளாக. அதே 2 லிட்டர் உப்புத் தண்ணீரில் 15 நிமிடம் வேகவிட்டு எடுங்கள். தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், பாஸ்தா வேகப்போவது அதில்தான். தென் இத்தாலியில் புலியா பக்கம் கீரையும் பாஸ்தாவும் ஒரே பானையில் வேகும். நமக்கும் ஒரு பானை போதும். காய் சூடு ஆறியதும் பிளந்து, கரண்டி விளிம்பால் சதையை வழித்து வையுங்கள். நார் ஒன்றுகூட வரக்கூடாது. வழித்து முடித்த பிறகு தண்ணீரை மறுபடி கொதிக்கவிட்டுப் பாஸ்தாவைப் போடுங்கள்.

அகலச் சட்டியில் மூன்று மேசைக்கரண்டி கடலை எண்ணெய், எட்டுப் பல் பூண்டு சீவியது, சிறுதீ. பூண்டு வைக்கோல் நிறம் வந்ததும் தீயை அணைத்துவிட்டு, மூன்று குண்டு மிளகாயைக் கிள்ளி விதை உதிர்த்துப் போடுங்கள். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் ராமநாதபுரம் மிளகாய்தான். தோல் தடிமன், ஆனாலும் அடுப்பு எரியும்போது போட்டால் கருகிக் கசக்கும். பிறகு முருங்கைச் சதை.

பாக்கெட்டில் எத்தனை நிமிடம் போட்டிருக்கிறதோ அதில் இரண்டைக் குறைத்து வடியுங்கள். வடிக்கும் முன் இரண்டு டம்ளர் கஞ்சியை மொண்டு வையுங்கள், மறப்பது இந்த இடத்தில்தான். பாஸ்தாவைச் சட்டியில் தள்ளி, ஒரு கரண்டி கஞ்சி ஊற்றி, பெருந்தீயில் புரட்டுங்கள். முதலில் எண்ணெய் தனியாகவும் தண்ணீர் தனியாகவும் ஓடும். ஒன்றரை நிமிடத்தில் இரண்டும் கலந்து பால்போல் வெளுக்கும். கரைந்த மாவு எண்ணெயைப் பிரியவிடாமல் பிடித்துக்கொள்வதால் வருகிற வெளுப்பு அது. சட்டியின் அடியில் கரண்டியால் ஒரு கோடு இழுங்கள். கோடு மெல்ல மூடினால் பதம். மூடாமல் அப்படியே நின்றால் இறுகிவிட்டது, இன்னும் அரைக்கரண்டி கஞ்சி. ஓரத்தில் எண்ணெய் கக்கினாலும் அதே மருந்துதான். தட்டில் போட்ட பிறகும் இறுகும் என்பதால் சற்றுத் தளர்வாகவே இறக்குங்கள்.

கத்தரிக்காய் என்றால் நறுக்கி உப்புப் பிசிறி 20 நிமிடம் வைத்துப் பிழிந்து வதக்குங்கள். பிழியாவிட்டால் பஞ்சு மாதிரி எண்ணெய் குடிக்கும். பீர்க்கங்காய் இதற்கு நேர் எதிர்: பெருந்தீ, உப்பு கடைசியில். முன்னால் உப்புப் போட்டால் கூட்டுதான் கிடைக்கும்.

மாமியாருக்குச் சின்ன மக்ரோனி வாங்கி, அவர்கள் பங்கை மட்டும் மூன்று நிமிடம் கூடுதலாக வேகவிட்டு, மிளகாய்க்குப் பதில் மிளகுதூள் போட்டு, கஞ்சியை இன்னொரு கரண்டி தாராளமாக விடுங்கள். முருங்கைச் சதைக்குப் பல் தேவையில்லை.

சீஸ் கேட்டிருந்தீர்கள். அசல் பர்மேசானைக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கிற நொதியை ஊற்றித்தான் உறையவைக்கிறார்கள். கவிச்சி இல்லாத நாளுக்கு அது ஆகுமா என்று நீங்களே சொல்லுங்கள். தென் இத்தாலியில் சீஸ் வாங்க வசதியில்லாத வீடுகளில் காய்ந்த ரொட்டியைத் தூளாக்கி எண்ணெயில் வறுத்துத் தூவினார்கள். இனிப்பில்லாத பன் நாலு நாள் கிடந்து காய்ந்தால் பொடித்து, ஒரு பல் பூண்டோடு பொன்னிறமாக வறுத்து வையுங்கள். பரிமாறும்போது மேலே தூவினால் போதும், முன்னாடியே கலந்தால் நமத்துவிடும்.

அன்புடன்,
அக்கா