தரத்தில் கை வைக்கும் முன் அகலத்தைப் பாருங்கள்

கேள்வி: நான் செய்யும் எம்பிராய்டரி வேலைகளைக் காட்ட ஓர் இணையதளம் வைத்திருக்கிறேன். முகப்பில் மட்டும் 14 படங்கள். எல்லாமே மொபைலில் எடுத்தவை, ஒவ்வொன்றும் 4 முதல் 6 எம்பி. பக்கம் திறக்க வெகுநேரம் ஆகிறது. ஒரு சுருக்கும் கருவியில் போட்டுத் தரத்தை 40 வரை இறக்கினேன். நூலின் நுணுக்கமெல்லாம் குழைந்துபோனது, கோப்போ இன்னும் 1 எம்பிக்கு மேல்தான் இருக்கிறது. வேறு என்ன வழி?

பதில்: தரம் என்ற அந்த எண்ணைத் தொடுவது கடைசி வேலை. முதல் வேலை படத்தின் அகல உயரத்தைக் குறைப்பது. நீங்கள் அதைச் செய்யாமல் நேராகத் தரத்துக்குப் போய்விட்டீர்கள். படம் கெட்டும் கோப்பு சிறிதாகாததற்குக் காரணம் அதுதான்.

மொபைல் படம் ஒன்று பெரும்பாலும் 4000 × 3000 பிக்சல் இருக்கும். மொத்தம் 1 கோடியே 20 லட்சம் பிக்சல்கள். உங்கள் பக்கத்தில் அந்தப் படத்துக்கு ஒதுக்கிய இடம் 700 பிக்சல் அகலம் என்று வைத்துக்கொள்வோம். பிரவுசர் முழுப் படத்தையும் இறக்கி, அப்புறம்தான் அதை 700க்குள் அடக்கிக் காட்டும். பக்கத்தை அமைக்கும் எடிட்டரில் படத்தின் மூலையைப் பிடித்து இழுத்துச் சிறிதாக்கினாலும் இதே கதைதான். கண்ணுக்குச் சிறிதாகும், கோப்பு பழைய எடையோடுதான் வந்து சேரும். இன்னொன்றும் உண்டு. கோப்பு எத்தனை சிறிதாக இருந்தாலும், திரையில் காட்ட அதை விரிக்கும்போது பிக்சலுக்கு 4 பைட் வேண்டும். 4000 × 3000 படத்தை முழு அளவில் விரித்தால் சுமார் 48 எம்பி நினைவகம் போய்விடும். பழைய மொபைல்களில் பக்கம் திக்கித் திக்கி நகர்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சரி, எவ்வளவு அகலம் போதும்? பக்கத்தில் படம் காட்டப்படும் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு. இன்றைய திரைகள் நெருக்கமான பிக்சல்கள் கொண்டவை என்பதால் அந்த இரண்டு மடங்கு தேவைப்படுகிறது. மூன்று மடங்கு கேட்கும் மொபைல்களும் உண்டு, ஆனால் இரண்டுக்கு மேல் கொடுத்தால் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. உங்களுக்கு 1400 × 1050 போதும். பிக்சல் கணக்கில் இது பழையதில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. தரத்தில் கை வைக்காமலேயே இத்தனை மிச்சம். 72 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளிகள் என்ற எண்) வைக்கச் சொல்லிச் சிலர் அறிவுரை தருவார்கள். அதை விட்டுவிடுங்கள். அது அச்சுக்கான குறிப்பு, இணையத்தில் படத்தின் எடைக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

இனி தரத்துக்கு வருவோம். புகைப்படங்களுக்கு வழக்கமான கோப்பு வடிவமான ஜேபெக் (JPEG), படத்தை 8 × 8 பிக்சல் கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் கண் எளிதில் கவனிக்காத, வெளிச்சத்திலும் நிறத்திலும் உள்ள நுண்ணிய ஏற்ற இறக்கங்களைத்தான் முதலில் தூக்கி எறிகிறது. வானமோ சுவரோ என்றால் எறிவதற்கு அங்கே அதிகம் இல்லை, அதனால் இழப்பு தெரியாது. எம்பிராய்டரி அப்படி இல்லை. ஒவ்வொரு தையலும் நுண்ணிய ஏற்ற இறக்கம்தான்! அதனால்தான் உங்கள் படங்கள் மற்றவர்களுடையதைவிடக் கனமாக இருக்கின்றன, 40க்கு இறக்கியதும் நூல் குழைந்தும் போகிறது. 75க்கும் 82க்கும் இடையில் முயன்று பாருங்கள். அந்த எண் சதவீதம் அல்ல. ஒரு கருவியின் 80 இன்னொரு கருவியின் 80 ஆகாது. ஆகவே எண்ணை நம்பாதீர்கள், படத்தை 100% அளவில் வைத்து உங்கள் கண்ணால் பாருங்கள்.

நூல் வேலைக்கென்று தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. வெளிச்ச வேறுபாட்டைவிட நிற வேறுபாட்டை நம் கண் குறைவாகவே கவனிக்கும் என்பதால், பல கருவிகள் நிறத் தகவலைப் பாதி அகலத்திலும் பாதி உயரத்திலும் மட்டுமே சேமிக்கின்றன. 4:2:0 என்று அதைக் குறிப்பார்கள். கறுப்புத் துணியில் சிவப்பு நூல் என்றால் சிவப்பின் ஓரம் கசிந்தது போலத் தெரிவது இதனால்தான். அத்தகைய படங்களுக்கு மட்டும் 4:4:4, அதாவது நிறத் தகவலைக் குறைக்காத அமைப்பு, என்று மாற்றிச் சேமியுங்கள். கோப்பு கொஞ்சம் பெருக்கும், ஆனால் அந்த நூலுக்காகத்தானே ஒருவர் உங்கள் பக்கத்துக்கு வருகிறார்.

படம் எடுக்கும்போதே எடையைக் குறைக்கலாம் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. இருட்டில் எடுத்த படத்தில் பொடிப்பொடியான புள்ளிகள் நிறைந்திருக்கும், இரைச்சல் என்பார்கள். சுருக்கும் கருவிக்கு அந்த இரைச்சலும் நூலும் ஒன்றுதான், இரண்டையும் சுமக்கப் பார்க்கும். ஜன்னல் வெளிச்சத்தில், பின்னணியில் வேறு எதுவும் இல்லாமல் எடுத்துப் பாருங்கள். அதே தரத்தில் கோப்பு கண்கூடாக இளைத்திருக்கும்.

எந்த வடிவம்? புகைப்படங்களுக்கு வெப்பி (WebP) போதும். கூகுள் 2010இல் கொண்டுவந்தது. ஒத்த தரத்தில் ஜேபெக்கைவிட 25 முதல் 34 சதவீதம் சிறியது என்பது கூகுளே தரும் கணக்கு. ஆப்பிளின் பிரவுசரான சஃபாரியும் 2020இல் ஏற்றுக்கொண்டதால் இப்போது எல்லா முக்கிய பிரவுசர்களிலும் திறக்கும். ஆனால் கொஞ்சம் நுணுக்கத்தை எறிந்து, அதாவது இழப்புடன் சுருக்கும் வெப்பி எப்போதும் 4:2:0தான். மேலே சொன்ன சிவப்பு நூல் படங்களை ஜேபெக்கிலோ ஏவிஃப் (AVIF) என்ற இன்னொரு வடிவத்திலோ வையுங்கள். ஏவிஃப் இன்னும் சிறிதாகச் சுருங்கும், சேமிக்கத்தான் நேரம் பிடிக்கும். லோகோவுக்கு எஸ்விஜி (SVG). எழுத்து நிறைந்த படங்களுக்கு பிஎன்ஜி (PNG). புகைப்படத்தை மட்டும் பிஎன்ஜியில் சேமிக்க வேண்டாம், பல மடங்கு பெருத்துவிடும்.

கருவி என்றால் நான் ஸ்குவூஷைச் (Squoosh) சொல்வேன். பிரவுசரிலேயே வேலை செய்யும், உங்கள் படம் எந்த சர்வருக்கும் போகாது. நடுவில் ஒரு கோட்டை இழுத்து, மூலத்தையும் சுருக்கியதையும் ஒப்பிட்டுக்கொண்டே தரத்தை மாற்றலாம்.

சுருக்கும்போது படத்தோடு வரும் கூடுதல் தகவல்களை நீக்குவது நல்லது. வீட்டில் எடுத்த படம் என்றால் வீடு இருக்கும் இடமே அதில் பதிவாகியிருக்கலாம். ஆனால் நிறங்களை எப்படிக் காட்ட வேண்டும் என்று சொல்லும் நிற ப்ரொஃபைலும் அதோடு சேர்ந்து போய்விட்டால் சில மொபைல்களில் எடுத்த படங்கள் வெளிறித் தெரியும். முதலில் எஸ்ஆர்ஜிபி (sRGB) என்ற, இணையத்தின் பொதுவான நிற அமைப்புக்கு மாற்றிக்கொண்டு, அப்புறம் நீக்குங்கள். நூலின் நிறத்தைப் பார்த்து வாங்குகிறவர்களுக்கு இது சின்ன விஷயமே அல்ல.

படங்களைச் சுருக்கிய பிறகும் 14 படங்கள் ஒரே நேரத்தில் இறங்க வேண்டியதில்லை. கீழே இருப்பவற்றுக்கு லேஸி லோடிங் கொடுங்கள், பார்ப்பவர் அங்கே நெருங்கும்போது வரட்டும். பக்கத்தின் உச்சியில் இருக்கும் பெரிய படத்துக்கு மட்டும் அதைக் கொடுக்கவே கூடாது. பக்கத்தின் மிகப் பெரிய பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல், பெரும்பாலும் அந்தப் பகுதி இந்தப் படம்தான். அதற்கே லேஸி போட்டு நீங்களே தாமதப்படுத்திவிடக் கூடாது. எல்லாப் படங்களுக்கும் அகலம், உயரம் இரண்டையும் பக்கத்தின் குறியீட்டில் (HTML) எழுதிவிடுங்கள், படங்கள் வந்து சேரும்போது பக்கம் குதிக்காது.

மூலப்படங்களைத் தனி ஃபோல்டரில் பத்திரமாக வையுங்கள். ஒருமுறை சுருக்கியதை மறுபடி திறந்து சுருக்கினால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் இழக்கும். 40க்கு இறக்கிய அந்தப் படங்களில் போன நுணுக்கம் இனி எப்படியும் திரும்பாது, மூலத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். இன்று ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் இருப்பதிலேயே நூல் அடர்த்தியான படம் எதுவோ, அது. 1400 அகலம், வெப்பி, 80. மொபைலில் மூலத்தையும் இதையும் மாற்றி மாற்றித் திறந்து பாருங்கள். வித்தியாசம் தெரியவில்லையென்றால் 76க்கு இறக்கி மறுபடி பாருங்கள். அந்தப் படத்துக்குப் பொருந்தும் எண் வெப்பியில் சேமிக்கும் மற்ற படங்களுக்கும் தாராளமாகப் போதும்.