சருகு மூடாக்கு போட்டால் கரையான் வருமா?

கேள்வி: எங்கள் கொல்லையில் ஒரு மாமரமும் ஒரு பாதாம் மரமும் நிற்கின்றன. தை, மாசியில் சருகு கூட்டி மாளவில்லை. கத்தரி, வெண்டைக்கு மூடாக்காகப் போடலாம் என்று பார்த்தால், கரையான் ஏறிவிடும் என்கிறார் மாமியார். என்ன செய்வது?

பதில்: தாராளமாகப் போடுங்கள். மாமியார் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது, காய்ந்த சருகு கரையானுக்குத் தீனிதான். ஆனால் அது பெரும்பாலும் செத்த பொருளைத் தேடித்தான் வரும். தண்ணீர் குறையாமல் செழிப்பாக நிற்கும் செடியை அவ்வளவாகத் தொடாது. மாட்டிக்கொள்வது வாடிய செடியும் புதிதாக நட்ட கன்றும்தான். அதனால் தண்டைச் சுற்றி 4 விரல் அகலத்துக்கு மண் தெரிய விடுங்கள். தண்டோடு சருகு ஒட்டிக் கிடந்தால் கரையான் வராவிட்டாலும் ஈரம் தங்கி அழுகல் வரும். வீட்டுச் சுவர், மரக் கதவு நிலைப் பக்கம் மூடாக்கே வேண்டாம். புற்றுமண் கண்ணில் பட்டால் கலைத்துவிட்டு, வேப்பம் புண்ணாக்கு தூவித் தண்ணீர் விடுங்கள்.

உங்களுக்குத் தொல்லை தரப்போவது பாதாம் இலைதான். அகலமும் தடிப்புமான இலை ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஓடு வேய்ந்த மாதிரி ஆகிவிடும். ஊற்றுகிற தண்ணீர் உள்ளே இறங்காமல் வழிந்து பாத்திக்கு வெளியே போகும். நன்றாகக் காய்ந்ததும் சாக்கில் அள்ளிப் போட்டு மிதியுங்கள், மொறுமொறுவென்று நொறுங்கிவிடும். மாவிலைக்கும் இதே வைத்தியம். பக்கத்தில் வேம்போ புங்கனோ இருந்தால் அந்தச் சருகை அப்படியே போடலாம். சீக்கிரம் மக்கி அடங்கிவிடும், அவ்வளவுதான். தைல மரச் சருகும் நோய் கண்ட செடியின் இலையும் வேண்டாம்.

முதலில் பாத்தியை நனைத்துவிட்டு, அப்புறம் 3 அங்குலத்துக்குப் பரப்புங்கள். மேலே நீர்த்த சாணிக் கரைசல் தெளித்தால் காற்றில் பறக்காது, மக்கலும் வேகப்படும். விதை போட்ட பாத்தி என்றால் முளை எழுந்து ஒரு சாண் வளரட்டும்.

நிறையப் பேர் தடுமாறுவது இதற்குப் பிறகுதான். சருகை மண்ணோடு சேர்த்துக் கொத்திவிடுகிறார்கள். சருகில் தழைச்சத்து குறைவு. அதை மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் பற்றாக்குறையை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும், செடி வெளிறிப்போகும். மேலே கிடந்தால் இந்தச் சிக்கல் பெரிதாக வராது.

ஒரு மாதம் கழித்து ஒரு குச்சியால் விலக்கிப் பாருங்கள். தேள், பூரான் இருக்கலாம், கையை விட வேண்டாம். மேல் சருகு மொடமொடப்பாகவே இருக்கும். அடியில் இலைகள் கறுத்து, சில வெறும் நரம்பு வலையாக நிற்கும். மண்மேல் மண்புழுவின் குருணைக் கழிவு, இடையிடையே வெள்ளை நூல் போலப் பூஞ்சை. அதைப் பார்த்துப் பயந்து மருந்து அடிப்பவர்கள் உண்டு. அடிக்காதீர்கள், சருகை மக்க வைப்பதே அதுதான்.

ஐப்பசி அடைமழை பிடிக்கும்போது பாதி மூடாக்கை வாரிவிடுங்கள். இல்லாவிட்டால் நத்தை உள்ளே குடியேறி, இரவில் வெளியே வந்து நாற்றை மேய்ந்துவிடும். வாரிய சருகு மாமரத்தடியில் கிடக்கட்டும், தூரைவிட்டு ஓரடி தள்ளி.